சாலையோர மரங்களும் வண்டி ஓட்டுவோரின் க்ஷேமமும்

நமது நாட்டில் சாலைகளின் இரு மருங்கிலும் நிழல் தரும் மரங்களை வைத்து வளர்ப்பது தொன்றுதொட்டு வந்த தர்மமாகும். புளி, ஆல், வேம்பு, இலுப்பை, மருது, புங்கு முதலிய மரங்கள் கிராமச் சாலைகளுக்கு அலங்காரமாகவும், வழிப்போக்கர்களுக்கு அடைக்கலமாகவும், பஞ்சாயத்துகளுக்கு வருமானமாகவும் இருந்து வருகின்றன. எனினும், மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், இம்மரங்களில் மோதி உயிரிழந்தோரைப் பற்றிய செய்தி அடிக்கடி நம் காதில் விழுகிறது. அத்தகைய துக்கம் நேர்ந்த கிராமத்தில், "இம்மரங்கள் எமனாக நிற்கின்றன, ஒன்று விடாமல் வெட்டிவிட வேண்டும்" என்று ஒரு கட்சியும், "மரமா வந்து மோதிற்று? கண்மண் தெரியாமல் ஓட்டியவன் மீதே குற்றம், ஓர் இலையையும் தொடலாகாது" என்று மற்றொரு கட்சியும் எழுவது சகஜம்.

முதற்கட்சியின் பேச்சைக் கேட்டால் அறுபது எழுபது வருஷம் வளர்ந்த செல்வம் ஒரே வாரத்தில் விறகாய்ப் போய்விடும். இரண்டாவது கட்சியின் பேச்சைக் கேட்டால் அதே வளைவில் அதே மரத்தில் மற்றொரு வீட்டுப் பிள்ளை மோதக்கூடும். ஆகையால் பஞ்சாயத்து அங்கத்தினர்களும், சங்க நிர்வாகிகளும், வாலிபர்களும் இவ்விஷயத்தைக் கோபதாபமின்றிக் கணக்காக ஆராய வேண்டுவது அவசியம். அதற்கு உதவியாகவே இப்பாடம் எழுதப்படுகிறது.

1. முன்னோர் மரம் வைத்த காரணம்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட அசோக சக்கரவர்த்தி, மனிதருக்கும் கால்நடைகளுக்கும் நிழல் தரும் பொருட்டுச் சாலைகளில் ஆலமரங்களை நடுவித்ததாகத் தமது ஏழாவது தூண் சாசனத்தில் பொறித்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளும் சாலைகள் போட்டு, சத்திரங்கள் கட்டி, நிழல் மரங்கள் வைத்துப் புகழ் பெற்றார். அவர் பெயரால் வழங்கும் சாலைகள் தென்பாண்டி நாட்டில் இன்றும் உண்டு.

அக்காலத்தில் சாலையிற் சென்றவை கால்நடையாய்ச் செல்லும் மனிதரும், மாட்டு வண்டிகளும், குதிரைகளுமே. பாரம் ஏற்றிய கட்டை வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் செல்வதே அரிது. வண்டிக்காரன் அயர்ந்து தூங்கினாலும் மாடுகள் மரத்தில் மோதுவதில்லை. ஆகையால் நிழல் சாலையின் நடுவில் விழும்படி மரங்களை விளிம்பை ஒட்டியே வைத்தார்கள். அவர்கள் காலத்து வேகத்திற்கு அது முற்றிலும் பொருத்தமான ஏற்பாடாகும்.

பின்னர் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. முதலாவது, வண்டியின் வேகம் பத்து இருபது மடங்கு பெருகிற்று. இரண்டாவது, சாலைகள் அகலப்படுத்தப்பட்டன. முன்பு விளிம்பிலிருந்து இரண்டு பாகம் தள்ளி நின்ற புளியமரத்தின் வேருக்கே இன்று தார் வந்து சேர்ந்திருப்பதைப் பல ஊர்களில் காணலாம். மரம் இருந்த இடத்திலேயே இருக்க, சாலை அதை நோக்கி நகர்ந்து வந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் கணக்கு எளிதில் விளங்கும்.

2. வேகத்தின் கணக்கு

வேகமாய்ச் செல்லும் வண்டி அசையாத பொருளொன்றில் மோதுவது, உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமானம். எந்த வேகத்திற்கு எவ்வளவு உயரம் என்பதைப் பௌதிக சாஸ்திரப்படி கணக்கிட்டுக் கீழே தருகிறோம்.

மணிக்கு 30 கிலோமீட்டர்: 3½ மீட்டர் உயரத்திலிருந்து விழுதல். ஓட்டு வீட்டின் கூரை இவ்வளவு உயரம்.
மணிக்கு 40 கிலோமீட்டர்: 6¼ மீட்டர். இரண்டு அடுக்கு வீட்டின் மொட்டை மாடி.
மணிக்கு 60 கிலோமீட்டர்: 14 மீட்டர். நான்கு அடுக்குக் கட்டடத்தின் உச்சி.
மணிக்கு 80 கிலோமீட்டர்: 25 மீட்டர். நன்றாய் வளர்ந்த தென்னையின் தலை.
மணிக்கு 100 கிலோமீட்டர்: 39 மீட்டர். தென்னைக்கு மேல் பாதித் தென்னை.

வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காவதைக் கவனிக்க. ஓட்டுக் கூரையிலிருந்து விழுந்தவன் காலை ஒடித்துக்கொண்டாவது பிழைக்கலாம். தென்னையின் தலையிலிருந்து விழுந்தவன் பிழைப்பது தெய்வச் செயல். மோட்டார் காரில் செல்பவனுக்கு வண்டியின் முன்பாகம் நசுங்கி அதிர்ச்சியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். இருக்கைப் பட்டை உடலைப் பிடித்து நிறுத்தும். மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்குத் தலைக்கவசம் தவிர வேறு துணையில்லை. அடிமரம் குறுகலாயிருப்பதால் மோதலின் பலம் முழுவதும் ஓரிடத்திலேயே தாக்குகிறது. நான்கு அங்குலத்திற்கு மேற்பட்ட குறுக்களவுள்ள மரத்தை முறியாத பொருளாகவே அமெரிக்க நாட்டுச் சாலைப் பொறியாளர்கள் கணக்கில் கொள்ளுகிறார்கள். நமது புளியமரங்களோ இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய பருமனுள்ளவை.

3. தூரத்தின் கணக்கு

வண்டி ஓட்டுவோன் கண்ணயர்ந்தாலும், கைபேசியைப் பார்த்தாலும், எதிரில் வரும் வண்டியின் விளக்கொளியால் கண் கூசினாலும், வண்டி சாலையை விட்டு மெல்ல விலகுகிறது. ஐந்து பாகை அளவு சாய்ந்து விலகினால், நூறு அடி முன்னே செல்வதற்குள் சுமார் ஒன்பது அடி பக்கவாட்டில் போய்விடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. அந்த ஒரு வினாடியில் பக்கவாட்டில் சுமார் 1½ மீட்டர் விலகும்.

ஆகவே, தார் விளிம்பிலிருந்து 1½ மீட்டரில் நிற்கும் மரத்தை, சாலையை விட்டிறங்கிய வண்டி ஒரு வினாடியில் எட்டிவிடுகிறது. மனிதன் அபாயத்தைக் கண்டு, உணர்ந்து, தடையின் மேல் காலை வைப்பதற்கே ஒரு வினாடி வேண்டும். அதே மரம் 5 மீட்டரில் நின்றால் மூன்று வினாடிக்கு மேல் அவகாசம் கிடைக்கிறது. மூன்று வினாடியில் விழிப்பவன் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம்; குறைந்தபட்சம் வேகத்தையாவது தணிக்கலாம். தணித்த வேகம் என்ன நன்மை செய்யும் என்பதை மேலே கண்ட உயரக் கணக்கே சொல்லும்.

அமெரிக்காவில் 1960-களில் பொறியாளர்கள் இவ்வாறே ஆராய்ந்து, பெருஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 30 அடி வரை இடையூறின்றி விடவேண்டுமென்று வகுத்தார்கள். நமது கிராமச் சாலைகளுக்கு அவ்வளவு நிலம் கிடையாது. ஆயினும், விளிம்பினின்று தள்ளி நிற்கும் ஒவ்வோர் அடியும் ஓட்டுவோனுக்கு ஆயுளாகும் என்ற தத்துவம் எங்கும் ஒன்றே.

4. பிரெஞ்சு தேசத்தின் அநுபவம்

நம்மைப்போலவே சாலை மரங்களுக்குப் பெயர் பெற்று, நமக்கு முன்னரே இந்த வழக்கை நடத்திப் பார்த்த தேசம் பிரான்ஸ். அதனால் அவர்களுடைய அநுபவத்தை அறிவது பிரயோஜனமாகும். அங்கே கிராமாந்தரச் சாலைகளில் பிளேன் என்னும் மரங்கள் வரிசை வரிசையாய் நிற்கும். 1960-ம் வருஷம் ஜனவரி மாதம் 4-ந் தேதி, நோபல் பரிசு பெற்ற ஆசிரியர் ஆல்பெர் காம்யு, வில்பிளவென் என்ற சிற்றூரின் அருகே, நண்பர் ஓட்டிய மோட்டார் அத்தகைய மரமொன்றில் மோதியதால் இறந்தார். அவ்விடத்தில் சாலை நேரானது, அகலமும் குறைவன்று.

மோட்டார்கள் பெருகப் பெருகச் சாலை மரங்களை வெட்டும் வழக்கமும் அங்கே பெருகிற்று. 1970 ஜூலை மாதம் ஜனாதிபதி பொம்பிடு தமது பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுதி, பத்திரத்தின் பெயரால் மரங்களை அழிப்பதை ஆக்ஷேபித்தார். மோட்டாரில் விரைவாய்ச் செல்வதற்கு மட்டுமே தேசம் ஏற்பட்டதன்று என்பது அவர் வாதம். ஆயினும் பிற்காலத்திலும் வெட்டுதல் முற்றிலும் நிற்கவில்லை. 2016-ம் வருஷத்துச் சட்டமொன்று சாலையோர மர வரிசைகளைப் பாதுகாத்து, தகுந்த காரணமின்றி வெட்டுவதைத் தடை செய்தது.

இதனிடையே அவர்கள் செய்த வேறு காரியங்களையும் பார்க்க வேண்டும். 1973-ல் ஊருக்கு வெளியே முன்னிருக்கைக்காரர் பட்டை அணிவதைக் கட்டாயமாக்கினார்கள். அதே காலத்தில் சாலைகளுக்கெல்லாம் வேக வரம்பு விதித்தார்கள். 2018-ல் நடுவில் தடுப்பில்லாத கிராமாந்தரச் சாலைகளின் வரம்பை 90 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். 1972-ல் அத்தேசத்தில் சாலை விபத்தில் இறந்தோர் 16,000-க்கு மேல், 2019-ல் 3,244. வண்டிகளோ அதற்குள் பன்மடங்கு பெருகிவிட்டன. இக்குறைவுக்கு நல்ல சாலை, நல்ல வண்டி, நல்ல வைத்தியம் எல்லாமே காரணம். சில மரங்கள் போனதும் ஒரு சிறு காரணமாயிருக்கலாம். ஆயினும் எஞ்சிய லட்சக்கணக்கான மரங்கள் நிற்கும்போதே மரணம் இவ்வளவு குறைந்தது என்பது நாம் கவனிக்கத்தக்கது.

5. நமது தேசத்தின் நிலைமை

1998-ல் தொடங்கிய தேசிய நெடுஞ்சாலை அபிவிருத்தித் திட்டத்தில் தமிழ்நாட்டின் பெருஞ்சாலைகள் நான்கு வரிசையாய் விரிந்தபோது, பழைய புளியஞ்சாலைகள் பல மறைந்தன. விபத்துகள் அவற்றுடன் மறைந்துவிடவில்லை. மத்திய சர்க்காரின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்து, 1,68,491 பேர் மாண்டனர். இவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியிற் சென்றோர். மரணங்களில் நூற்றுக்கு 71 பங்கு, மிதமிஞ்சிய வேகத்தால் நேர்ந்தவையாகப் பதிவாகியிருக்கின்றன. அவ்வருஷம் மாகாணங்களுள் அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டிலேயே.

ஆகவே வேகமே முதற் சத்துரு. மரம் அதற்குச் சிற்சில இடங்களில் மட்டுமே துணை போகிறது. அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதே கிராமத்தார் செய்யவேண்டிய வேலை.

6. எந்த மரங்களால் அபாயம்?

(அ) வளைவின் வெளிப்பக்கத்தில், தார் விளிம்பை ஒட்டி நிற்கும் மரம். வேகமாய் வரும் வண்டி திரும்ப இயலாமல் நேரே செல்வது இப்பக்கத்திலேயாம். எல்லா மரங்களுள்ளும் இதுவே கொடியது.

(ஆ) வளைவின் உட்பக்கத்திலும், கிளைச் சாலை சேரும் முனையிலும் பார்வையை மறைக்கும் மரமும் புதரும். இவற்றில் யாரும் மோதாவிட்டாலும், எதிரே வரும் வண்டி தெரியாமல் இரண்டு வண்டிகள் ஒன்றோடொன்று மோத இவை ஏதுவாகும்.

(இ) பட்டுப்போனதும், பொந்து விழுந்ததும், வேரறுந்ததுமான மரம். அடியில் குப்பையைக் கொளுத்துவதாலும், விளம்பரப் பலகைக்கு ஆணி அடிப்பதாலும், வாய்க்காலுக்கும் குழாய்க்கும் ஒரு பக்கத்து வேரை வெட்டுவதாலும் நல்ல மரம் நோயுறுகிறது. பிறகு காற்று மழையில் சாய்கிறது. 2016-ல் வர்தா புயலிலும் 2018-ல் கஜா புயலிலும் சாலைகளின் குறுக்கே மரங்கள் வீழ்ந்து போக்குவரத்து நின்றதை யாவரும் அறிவர்.

(ஈ) தாழ்ந்த கிளையும் தொங்கும் விழுதும் உடைய மரம். வைக்கோல், கரும்பு ஏற்றிய வண்டி கிளைக்கு ஒதுங்கி நடுச்சாலைக்கு வருவதால் எதிரே வருபவனுக்கு ஆபத்து நேரும்.

இந்நான்கிலும் சேராமல், நேரான சாலையில், விளிம்பினின்று தள்ளி, திடமாய் நிற்கும் மரங்களே பெரும்பான்மை. அவற்றை வெட்டுவதால் பிரயாணிக்கு நிழலும் பஞ்சாயத்துக்குப் பணமும் போகுமேயன்றி லாபம் அற்பமே. இருட்டிலும் மழையிலும் தூரத்து மர வரிசை, சாலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை ஓட்டுவோனுக்கு முன்கூட்டியே காட்டுகிறது என்பதையும் மறக்கலாகாது.

7. வெட்டாமலே செய்யக்கூடியவை

முதலாவது, தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பள்ளத்தைக் கிராவல் இட்டுச் சமமாக்குதல். மழையில் மண் கரைந்து நாலு விரல் ஆறு விரல் பள்ளம் விழுந்தால், ஒதுங்கும் மோட்டார் சைக்கிள் அதில் இறங்கித் தடுமாறி மரத்தை நோக்கிச் செல்கிறது. மரத்தின் பேரில் சுமத்தப்படும் பழியில் ஒரு பங்கு இப்பள்ளத்திற்கே உரியது.

இரண்டாவது, அடிமரத்தில் வெள்ளை கறுப்புப் பட்டைகளை ஆண்டுதோறும் புதுப்பித்தல். வளைவுகளில் ஒளியைத் திருப்பிக் காட்டும் தகடுகளையும் வைக்க வேண்டும். தகட்டை மரத்தில் அறையாமல், முன்னால் சிறு கம்பம் நட்டு அதில் பொருத்துக.

மூன்றாவது, பெரிய சுமை வண்டியும் தாராளமாய்ச் செல்லும்படி, சாலைக்கு மேல் ஐந்து மீட்டர் உயரத்திற்குள் வரும் கிளைகளைக் கழித்தல். கழிக்கும்போது ஒரே பக்கமாய்க் கழித்தால் மரம் சாயும். பழக்கப்பட்டவரைக் கொண்டு செய்க.

நான்காவது, நிழலைப் பயன்படுத்துவதில் ஒழுங்கு. பகலில் நிழலுக்காக நிறுத்திய லாரி, இரவில் விளக்கின்றி அங்கேயே நின்றால் மரத்தைவிட அபாயம். நுங்கு, இளநீர், பழம் விற்போரும், பஸ்ஸுக்குக் காத்திருப்போரும் சாலைக்கு வெளியே மரத்தின் அப்புறம் இருக்கும்படி இடம் ஒதுக்க வேண்டும். புளி உலுக்கும் தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்களில், குத்தகைதாரர் இருபுறமும் சிவப்புக் கொடியுடன் ஆள் நிறுத்தவேண்டுமென்று ஏல நிபந்தனையிலேயே சேர்ப்பது நலம். நாவற்பழம் உதிரும் காலத்தில் தார் வழுக்கும். அதைப் பெருக்க ஏற்பாடு செய்க.

ஐந்தாவது, வளைவிலும் ஊர் எல்லையிலும் வேகத்தைக் குறைக்கும் அறிவிப்புப் பலகையைச் சாலை இலாகாவிடம் எழுத்து மூலமாய்க் கேட்டுப் பெறுதல்.

இவ்வளவும் செய்தபின்னும் அபாயம் நீங்காத மரத்தை, அதாவது வளைவின் வெளிப்பக்கத்தில் விளிம்பை ஒட்டி நிற்பதையும், உளுத்துப்போனதையும், உரிய இலாகாவின் அனுமதி பெற்று அகற்றத்தான் வேண்டும். அதில் தயை காட்டுதல் தகாது. அனுமதியின்றி ஒருவரும் கோடரியைத் தொடவும் கூடாது.

8. புதிதாக நடுவோர்க்கு

ஒரு மரத்திற்குப் பதில் பல மரம் நடுவது நல்ல வழக்கம். ஆனால் வெட்டிய குழியிலேயே மறுபடி நட்டால் நமது பேரப்பிள்ளைகளுக்கு அதே வழக்கை விட்டுச் செல்கிறோம். சாலை நிலத்தின் வெளி எல்லையை ஒட்டி நடுக. வளைவின் வெளிப்பக்கத்திலும், சந்திப்புகளிலும், பாலத்தின் முகப்பிலும், மின்கம்பியின் கீழும் பெருமரம் வேண்டாம். வளைவின் வெளிப்பக்கத்தில் அரளி, ஆவாரை போன்ற வளையும் தண்டுள்ள செடிகள் போதும். மோதும் வண்டியை அவை நசுக்காமல் தாங்கும். மற்ற இடங்களில் புளி, வேம்பு, புங்கு, மருது முதலிய நம் நாட்டு மரங்களே காற்றுக்கு நிற்பவை. தென்னையைச் சாலையோரத்தில் வைப்பது உசிதமன்று. மட்டையும் காயும் தலையில் விழும்.

9. மரப் பதிவேடு

சங்கத்துக் கணக்கைத் தணிக்கை செய்வோர் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு சீட்டுக் கேட்பது வழக்கம். அவ்வாறே ஒவ்வொரு மரத்திற்கும் ஒரு வரி எழுதிய பதிவேடு ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இருக்கவேண்டும். அதில் மரத்தின் எண், இனம், சுற்றளவு, தார் விளிம்பிலிருந்து தூரம், நிற்கும் இடம் (நேர், வளைவின் உள், வளைவின் வெளி, முனை), உடல்நிலை, செய்யவேண்டியது என ஏழு கலங்கள் போதும். ஓர் அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு, நான்கு வாலிபர் இரண்டு காலை வேளைகளில் ஒரு கிராமச் சாலையை அளந்துவிடலாம்.

அதன்பின், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கூடும் கிராம சபைகளுள் ஒன்றில் அப்பதிவேட்டை வாசித்து, அகற்றவேண்டிய மரங்களையும் காக்கவேண்டிய மரங்களையும் எண் குறிப்பிட்டுத் தீர்மானம் செய்க. "எல்லாம்", "ஒன்றுமில்லை" என்ற இரண்டு சொற்களுக்கும் அத்தீர்மானத்தில் இடம் தரவேண்டாம். பஞ்சாயத்துக்கு வரும் மகசூல் ஏலத் தொகையில் ஒரு பங்கைப் பட்டை தீட்டவும், கிராவல் போடவும், கன்றுகளுக்கு முள்வேலி கட்டித் தண்ணீர் விடவும் ஒதுக்குவது நியாயம். மரம் தந்த பணம் மரத்தின் பேரிலும் அதன் அருகே செல்வோரின் பேரிலும் செலவாகட்டும்.

மரத்தில் மோதி இறந்தவனுடைய தாய் அந்த மரத்தைச் சபிப்பது இயற்கை. அவளுக்குக் கிராமம் செய்யக்கூடிய நன்றி, அந்த இடத்தில் இன்னொரு தாய் அழாதபடி செய்வதே. அதற்கு ஒரு மரத்தை அகற்ற வேண்டியிருந்தால் அகற்றுவோம். ஒரு பள்ளத்தை நிரப்ப வேண்டியிருந்தால் நிரப்புவோம். நம் வீட்டு வாலிபனின் வேகத்தைக் கண்டிக்க வேண்டியிருந்தால் இன்றே கண்டிப்போம்.

படித்தோர் ஆலோசிக்கவேண்டிய வினாக்கள்

1. உங்கள் ஊர்ச் சாலையில் வளைவின் வெளிப்பக்கத்தில் தார் விளிம்பை ஒட்டி நிற்கும் மரங்கள் எத்தனை?
2. மணிக்கு 60 கிலோமீட்டரில் மோதுவதும் 30 கிலோமீட்டரில் மோதுவதும் எத்தனை மடங்கு வேறுபடும்? ஏன்?
3. சென்ற ஆண்டு மகசூல் ஏலத்தில் பஞ்சாயத்துக்குக் கிடைத்த தொகை எவ்வளவு? அதில் சாலையோரத்திற்குச் செலவானது எவ்வளவு?
4. அடுத்த கிராம சபையில் இவ்விஷயத்தைக் கொண்டுவரப் பொறுப்பேற்பவர் யார்?